மனத்தாங்கலுக்கு ஒரு டோக்கன்

கடந்த ஆண்டு இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, கிள்ளானில் நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஓர் ஊரை வரைந்தோம். ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், ஒரு சீட்டுக்கட்டு, ஆறு சின்னப் பகடைகள், ஒரு கிண்ணம் நிறைய மஞ்சாடி விதைகள். பள்ளிக்கூட நாள்களில் சாகா மரத்தடியில் பொறுக்குவோமே, அந்தச் சிவப்பு விதைகள்தான். ஆட்டத்தின் பெயர் ‘தி குவையட் இயர்’. கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் உருவாக்கி 2013-இல் வெளிவந்தது. மூன்றரை மணி நேரம் ஆடினோம். முடிந்தபோது எங்களில் ஒருத்தி முன்னால் ஐந்து விதைகள் கிடந்தன. அந்த ஐந்து விதைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அங்கே போய்ச் சேர கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

இலக்கிய நண்பர்களிடம் ‘ரோல்பிளே ஆட்டம்’ என்று சொன்னால் பொதுவாக இரண்டு கேள்விகள்தான் வரும். ஒன்று, “கம்ப்யூட்டர் கேமா?” இன்னொன்று, “‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ல அந்தப் பையனுங்க ஆடுவாங்களே, அதுவா?” இரண்டாவது கிட்டத்தட்ட சரி. சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேசிப் பேசியே ஒரு கதையை உருவாக்குகிறார்கள். யார் எப்போது பேசலாம், எதைப் பற்றிச் சொல்லலாம், ஒருவர் சொன்னது நடக்குமா நடக்காதா என்பதையெல்லாம் விதிகள் தீர்மானிக்கின்றன. கடையில் வாங்கும் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் இந்த விதிகள்தான். கதை புத்தகத்தில் இல்லை. அதை ஆடுகிறவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

கதையே இல்லாத ஒன்றுக்கு எப்படி விமர்சனம் எழுதுவது? என் பதில் எளியது. நாவலாசிரியர் வாக்கியங்களை எழுதுகிறார். ஆட்டத்தை உருவாக்குகிறவர், நம்மிடமிருந்து ஒரு வகையான வாக்கியத்தை வரவழைக்கும் விதியை எழுதுகிறார். வெண்பாவின் தளையும் ஒரு விதிதான். அது எழுதுகிறவனைக் கட்டும், ஆனால் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று சொல்லாது. ஆட்ட விதி அதையும் சொல்லிவிடும், வாய் திறக்காமலே. நம் பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியும் பாம்பும் புண்ணியமும் பாவமும் என்று பாட்டி சொல்லித் தந்திருப்பார். ஆனால் அந்த ஆட்டத்தில் நாம் எதையுமே தேர்ந்தெடுப்பதில்லை. பகடையை உருட்டுகிறோம், அது காட்டிய கட்டத்துக்குப் போகிறோம், அவ்வளவுதான். புண்ணியம் செய்வது நம் கையில் இருக்கிறது என்று படம் சொல்கிறது, இல்லை என்று விதி சொல்கிறது. எனக்கு விதி சொல்வதைத்தான் நம்பத் தோன்றுகிறது.

“நல்ல கூட்டாளிங்க அமைஞ்சா எந்த விதியிலும் நல்ல கதை வரும், விதியில என்ன இருக்கு?” என்று ஆடுகிறவர்களிலேயே சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்கு, இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்ததான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ஸையே சாட்சிக்கு அழைக்கலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்டது. பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்தது. அதன் ஆரம்பகால விதிகளில், பாதாளத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் ஒரு தங்கக் காசுக்கு ஓர் அனுபவப் புள்ளி. பூதங்களைக் கொன்று கிடைக்கும் புள்ளி அதோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் அன்று ஆடியவர்களுக்குச் சண்டை ஒரு வீண் செலவு. பதுங்கினார்கள், பேரம் பேசினார்கள், பூதம் தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் புள்ளி முதன்மையாக எதிரிகளை வெல்வதற்குக் கிடைக்கிறது. புள்ளிக் கணக்கையே விட்டுவிடவும் அதில் இடம் உண்டு என்றாலும், புத்தகத்தின் பெரும் உழைப்பு சண்டையில்தான் போயிருக்கிறது. அதே பாதாளம், அதே டிராகன். உள்ளே போகிறவர்கள்தான் வேறு. முன்பு போனவர்கள் திருடர்கள், இப்போது போகிறவர்கள் போராளிகள். கதாபாத்திரத்தின் குணத்தை ஒரு புள்ளிக் கணக்கு மாற்றிவிட்டது. அலுவலகத்தில் கேபிஐ எழுதிக் கொடுத்த எவருக்கும் இது புரியும். எதை அளக்கிறோமோ அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள்.

தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து, பெரிய நிறுவனம் இல்லாமல் ஆட்டம் எழுதுகிறவர்கள் இந்த உண்மையைத் தெரிந்துகொண்டு வேலை செய்தார்கள். அவர்களில் முக்கியமானது வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’. அதன் மைய விதி இரண்டே பகடை. ஆபத்தான ஒன்றைச் செய்யும்போது ஆறு முகப் பகடை இரண்டை உருட்டி, கதாபாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டுகிறீர்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். ஆறோ அதற்குக் கீழோ வந்தால் விபரீதம். நடுவில் ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டாய், ஆனால் சத்தத்தில் உள்ளே ஒருவன் விழித்துக்கொண்டான், என்பதுபோல.

பொறியாளன் புத்தி, முதல் வேலையாகக் கணக்குப் போட்டேன். திறன் எண் ஒன்று என்று வைத்தால், மொத்தம் 36 வாய்ப்புகளில் முழு வெற்றி 10, தோல்வி 10, விலை கொடுக்கும் வெற்றி 16. அதாவது ஓரளவு திறமையுள்ள மனிதனுக்கு அதிகம் நடக்கக்கூடியது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சிக்கல். எவ்வளவு முயன்றாலும் வாழ்க்கை உனக்குப் பாதி தந்து பாதி கேட்கும் என்பதை ஒரு நாவலாசிரியர் முந்நூறு பக்கத்தில் சொல்லலாம். பேக்கர்கள் அதை 16/36 என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வந்த எத்தனையோ ஆட்டங்கள் இந்த அமைப்பைக் கடன் வாங்கியது வெறும் வசதிக்காக என்று நான் நினைக்கவில்லை. அதில் ஒரு பார்வை இருக்கிறது. கடன் வாங்கியவர்களில் பலர் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பார்வையை விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

சரி, ‘தி குவையட் இயர்’க்கு வருவோம்.

நீண்ட போர் ஒன்று முடிந்திருக்கிறது. நரிகள் என்று அழைக்கப்படும் எதிரிகளை விரட்டிவிட்டு ஒரு சிறு சமூகம் மூச்சு விடுகிறது. அவர்களுக்கு ஒரு வருடம் இருக்கிறது. வருடக் கடைசியில் பனி மேய்ப்பர்கள் வருவார்கள். அவர்கள் யார், வந்து என்ன செய்வார்கள் என்று ஆட்டம் சொல்வதில்லை. ஒரு சீட்டு ஒரு வாரம். ஆர்ட்டின் வசந்தம், டைமண்ட் கோடை, கிளாவர் இலையுதிர், இஸ்பேட் குளிர். ஒவ்வொரு பருவத்தையும் தனித்தனியாகக் கலைத்து அடுக்க வேண்டும். இஸ்பேட் ராஜா வந்த கணமே ஆட்டம் முடிந்தது. அது குளிர்காலத்தின் முதல் சீட்டாகவும் இருக்கலாம், கடைசிச் சீட்டாகவும் இருக்கலாம். ஆகவே அந்த ஊரின் ஆயுள் 40 வாரத்திலிருந்து 52 வாரம் வரை. எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

இதில் கேம் மாஸ்டர் கிடையாது. நீங்கள் ஒரு கதாபாத்திரமாகவும் ஆடுவதில்லை. ஊருக்குள் ஓடும் ஏதோ ஒரு எண்ண ஓட்டத்தின் பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் முறை வரும்போது ஒரு சீட்டை எடுத்து, அது கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லி, நடந்துகொண்டிருக்கும் திட்டங்களின் பகடையை ஒவ்வொரு எண் குறைக்கிறீர்கள். பிறகு மூன்றில் ஒன்றைச் செய்யலாம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கலாம், ஒரு கலந்துரையாடல் வைக்கலாம், ஒரு திட்டம் தொடங்கலாம். எதைச் செய்தாலும் அதைத் தாளில் வரைய வேண்டும்.

ஆல்டரின் மேதைமை அடுத்த இரண்டு விதிகளில் இருக்கிறது.

முதலாவது, கலந்துரையாடல். ஒருவர் ஒரு கேள்வியை வைத்தால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை, ஒன்றிரண்டு வாக்கியம் பேசலாம். அதோடு கூட்டம் கலைந்தது. முடிவு எடுப்பதில்லை, வாக்கெடுப்பு இல்லை, யாரும் தொகுத்துச் சொல்வதில்லை. அதற்கு உங்கள் முறை செலவாகிவிடும். திட்டம் தொடங்குவதற்கோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வேலை நடக்க வேண்டுமானால் கேட்காமல் செய்ய வேண்டும். கேட்டால் வேலை நடக்காது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது.

இரண்டாவது, கண்டெம்ப்ட் டோக்கன். ஒரு முடிவில் உங்களைக் கேட்கவில்லை, மதிக்கவில்லை என்று தோன்றினால், நடுவிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. உங்கள் முறை இல்லாதபோது மறுப்புப் பேச விதியில் இடமே இல்லை. டோக்கனைத் திருப்பி வைக்க இரண்டு வழி. ஊருக்குக் கெடுதலான ஒரு சுயநலச் செயலைச் செய்துவிட்டு, அதற்கு நியாயமாக ஒன்றைத் திருப்பி வைக்கலாம். அல்லது, மற்றவர் செய்த ஒன்று உங்கள் நம்பிக்கையை மீட்டது என்று நீங்களே நினைத்தால் வைக்கலாம். டோக்கனுக்கு வேறு எந்தப் பயனும் இல்லை. கடைசியில் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை.

விதிகளை அன்று தமிழில் படித்துச் சொன்னது நான்தான். ‘கண்டெம்ப்ட்’டுக்கு என்ன சொல் என்று கொஞ்ச நேரம் பேசினோம். அவமதிப்பு என்றான் ஒருவன். அது வெளியே செய்வது, உள்ளே இருப்பது இல்லை. வெறுப்பு அதிகப்படி. ‘மனத்தாங்கல்’ என்றேன் நான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கிண்ணத்துக்கு ‘மனத்தாங்கல் கிண்ணம்’ என்று பெயரும் வைத்தாயிற்று.

எங்கள் ஊர் ஓர் ஆற்றங்கரையில். சுத்தமான தண்ணீருக்குப் பஞ்சம் என்று முதலிலேயே தீர்மானமாகியிருந்தது. நான் தொழிலில் வடிகால் பார்க்கிறவன். கை சும்மா இருக்குமா? கோடைகாலத்தில் என் முறை வந்ததும் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை போட்டேன். ஐந்து வாரத் திட்டம். பகடையை ஐந்தில் வைத்துக் கோட்டை இழுத்து முடிப்பதற்குள், எதிரே இருந்த தோழி ஒரு விதையை எடுத்து முன்னால் வைத்தாள். கீழ்க்கரையில் அவள் முதல் சுற்றிலேயே நாலு குடிசையும் ஒரு துவைக்கிற கல்லும் வரைந்திருந்தாள்.

“இல்ல, மதகு வைப்பேன், கீழ தண்ணி போகும்...” என்று ஆரம்பித்தேன்.

“உன் டர்ன் முடிஞ்சதுலா,” என்றான் வீட்டுக்காரன்.

அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அலுவலகக் கூட்டங்களில் யாராவது முகம் சுளித்தால் உடனே விளக்கம் கொடுத்தே பழகியவன் நான். விளக்கம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். இங்கே விளக்க விதி இல்லை. விதை அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு சுற்று கழித்து என் முறையைச் செலவழித்து ஒரு கலந்துரையாடல் வைத்தேன். அணையால் யாருக்குப் பாதிப்பு என்று கேட்டேன். அவள் தனக்குரிய ஒரு வாக்கியத்தைச் சொன்னாள்: “கீழ இருக்கறவங்ககிட்ட யாரும் கேக்கல, தண்ணி குறைஞ்ச பிறகுதான் அவங்களுக்கே தெரிஞ்சது.” கேள்வி கேட்டவன் என்பதால் கடைசி வாக்கியம் என்னுடையது. மதகைப் பற்றிச் சொன்னேன். அவள் இன்னொரு விதையை எடுத்தாள்.

குளிர்காலம் தொடங்கியபோது அவள் முன்னால் ஐந்து. குளிர்காலத்தின் மூன்றாவது சீட்டில் என் முறை. அணையைத் திறந்துவிட ஒரு திட்டம் தொடங்கினேன், நான்கு வாரம். ஐந்தாவது சீட்டு இஸ்பேட் ராஜா. பகடை மூன்றில் நின்றுவிட்டது.

ஆட்டம் முடிந்து பக்கத்து மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, சிரித்துக்கொண்டே கேட்டேன், “அஞ்சு விதை ரொம்ப ஓவர் இல்ல? ஒரு அணைக்கு?”

“அஞ்சுல ரெண்டுதான் ஆட்டத்துக்கு. மூணு பழசு,” என்றாள்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் தமிழ்க் கழகத்தில் இருந்தோம். மூன்றாம் ஆண்டில் நாடக இரவுக்கு அவள் ஒரு நாடகம் எழுதினாள். நிகழ்ச்சிக்குப் பொறுப்பு நான். நேரம் மிஞ்சிப் போகிறது என்று, ஒத்திகைக்கு முந்தின இரவு, கடைசியில் வரும் கிழவியின் காட்சியை வெட்டிவிட்டேன். கேட்கவில்லை. மறுநாள் தகவலாகத்தான் சொன்னேன். அவள் சரி என்றாள். நாடகம் நன்றாகவே போனது. அடுத்த பருவத்தில் பரீட்சையைக் காரணம் சொல்லிக் கழகத்திலிருந்து விலகினாள். அதற்குப் பிறகு அவள் நாடகம் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் நான் அதைப் பரீட்சை என்றே நம்பியிருந்தேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“எப்ப? உன் டர்ன் எப்ப முடிஞ்சது?”

இந்தச் சம்பவத்தை வைத்து ஆட்டத்தை வானளாவப் புகழ்ந்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் விமர்சனம் என்று எழுத உட்கார்ந்தால், அந்த விதி என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று பார்க்க வேண்டும்.

பொறியாளனாக என் முதல் குறை இது: டோக்கன் எதையும் செய்வதில்லை. ஒரு கருவியை வைத்து அழுத்தத்தை அளந்தால், அந்த அளவு எங்காவது போய் எதையாவது மாற்ற வேண்டும். அழுத்தம் ஏறினால் வால்வு திறக்க வேண்டும். ஐந்து டோக்கன் சேர்ந்தால் திட்டத்தை நிறுத்தலாம் என்று ஒரு விதி சேர்த்தால் என்ன? வீட்டுக்கு வந்து உண்மையாகவே அப்படி ஒரு திருத்தம் எழுதிப் பார்த்தேன். எழுதியதும் புரிந்துவிட்டது. ஐந்து சேர்ந்தால் நிறுத்தலாம் என்றால் டோக்கன் வாக்குச் சீட்டாகிவிடும். ஆடுகிறவர்கள் தந்திரமாக எடுப்பார்கள், சேமிப்பார்கள், மிரட்டுவார்கள். அவள் எடுத்த மூன்று பழைய விதைகளுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. பயனில்லாத ஒன்றை மனிதன் எடுக்கிறான் என்றால், உண்மையாகத் தோன்றியதால் மட்டுமே எடுக்கிறான். பயனின்மைதான் அந்த டோக்கனை நேர்மையாக வைத்திருக்கிறது.

வின்சென்ட் பேக்கர் முன்பு ஒரு கருத்தைச் சொன்னார். ஓர் ஆட்டத்தின் உண்மையான பொருள், விதிகள் நேரடியாகத் தொடாமல் விட்ட இடத்தில் இருக்கும். விதிகள் எல்லாம் அதைச் சுற்றி ஓடி, ஆடுகிறவர்களை அந்த வெற்றிடத்துக்குள் தள்ளும். ‘தி குவையட் இயர்’ சமாதானம் பற்றிய ஆட்டம். சமாதானம் செய்வதற்கு அதில் ஒரு விதிகூடக் கிடையாது.

இந்த டோக்கனை எக்ஸ்-கார்டுடன் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஜான் ஸ்டவ்ரோபொலோஸ் அறிமுகப்படுத்தி, இன்று பல மேசைகளில் வழக்கமாகிவிட்ட ஏற்பாடு அது. கதை தாங்க முடியாத இடத்துக்குப் போனால், எக்ஸ் என்று எழுதிய சீட்டை எவரும் தொடலாம். விளக்கம் கேட்கக் கூடாது, அந்த விஷயத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டுமே காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமையைத் தருகின்றன. ஆனால் எக்ஸ்-கார்டு கதையை நிறுத்துகிறது, டோக்கன் நிறுத்துவதில்லை. எக்ஸ்-கார்டு ஆடுகிறவரைக் காப்பாற்ற வந்தது. டோக்கன் யாரையும் காப்பாற்றாது, பதிவு மட்டும் செய்யும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய விஷயம் கதைக்குள் கசிவது எல்லோருக்கும் எங்கள் இரவைப்போல தே தாரிக்கில் முடியாது. புத்தகம் இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

இரண்டாவது குறை, அந்த வெள்ளைத் தாள். நரிகளை விரட்டிவிட்டோம், இனி இந்த இடம் நம்முடையது, கண்டுபிடிப்போம், கட்டுவோம் என்று ஆட்டம் தொடங்குகிறது. நரிகள் யார்? அவர்களுக்கு இந்த இடம் யாருடையது? வெள்ளைத் தாளில் கோடு போடும் சந்தோஷம் ரொம்பப் பெரியது. அந்தச் சந்தோஷத்தை நான் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன். மற்றவர் வரைந்த வரைபடத்தில் காட்டை அழிக்கவும் தண்டவாளம் போடவும் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். காலி இடம் என்று ஒருவர் சொல்லும்போது, அதை யார் காலி செய்தார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் தோன்றியதல்ல. 2014-இல் மார்க் டயஸ் ட்ரூமனும் ஆல்டரும் சேர்ந்து ‘தி டீப் ஃபாரஸ்ட்’ என்று இதே ஆட்டத்தைத் திருப்பி எழுதினார்கள். அதில் ஆடுகிறவர்கள் பூதங்கள். தங்கள் நிலத்தை ஆக்கிரமித்திருந்த மனிதர்களை விரட்டிவிட்டு, இனி எப்படி வாழ்வது என்று பார்க்கிறவர்கள். கிட்டத்தட்ட அதே சீட்டு, அதே தாள். யார் திரும்பி வந்தவர், யார் விரட்டப்பட்டவர் என்பது மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஒரு படைப்பாளி தன் படைப்புக்கு வந்த கேள்விக்கு இன்னொரு படைப்பால் பதில் சொல்வது இலக்கியத்திலேயே அபூர்வம். மலேசியாவிலிருந்து ஸெடெக் சியூவும் முன்காவும் கொண்டுவந்த ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ சிற்றிதழ்கள் வேறொரு திசையில் போகின்றன. அங்கே ஆட்ட விதி மிகக் குறைவு. ஊர், ஆறு, முதலை, வியாபாரி, வதந்தி என்று இடம்தான் நிறைந்திருக்கிறது. நீங்கள் போகும் இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது, அவர்களுக்கு உங்களைவிட முக்கியமான வேலை இருக்கிறது. தென்கிழக்காசியாவை மனத்தில் வைத்து எழுதுகிறவருக்கு வெள்ளைத் தாளிலிருந்து தொடங்குவது பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு குறை எழுதி வைத்திருந்தேன். அதைப் பிறகு அடித்துவிட்டேன். ‘மன்னிப்புக் கேட்க விதி இல்லை’ என்பதுதான் அது. உங்கள் முறையில் செய்யக்கூடிய மூன்று காரியங்களில் மன்னிப்பு இல்லை. டோக்கனை எடுத்தவர் மட்டுமே திருப்பி வைக்க முடியும். காரணமானவர் அதைத் தொடவும் முடியாது. இது அநியாயம் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால், அணை கட்டியவனுக்கு இந்த ஆட்டத்தில் மன்னிப்புக் கேட்க ஒரே வழி, அணையைத் திறக்கும் திட்டத்தைத் தொடங்குவது. அதற்கு வாரங்கள் ஆகும். அது முடிவதற்குள் ராஜா வந்துவிடலாம். முடிந்தாலும் எதிரே இருப்பவர் விதையைத் திருப்பி வைப்பார் என்று உத்தரவாதம் இல்லை. இதில் நான் எதைத் திருத்துவது?

உண்மையான தவறு என் மொழிபெயர்ப்பில் இருந்தது. மனத்தாங்கல் என்பது உறவு இருக்கும் இடத்தில் வருவது. கல்யாணத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று அத்தைக்கு மனத்தாங்கல் வரும். யாராவது வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை பேசினால் போய்விடும். அது, வந்து கேள் என்று சொல்லும் கோபம். ‘கண்டெம்ப்ட்’ அப்படியில்லை. அது எதையும் எதிர்பார்ப்பதில்லை. நீ இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது. ஒரு சொல்லை மாற்றி, ஆல்டர் எழுதாத ஒரு ஆறுதலை நான் அந்தக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டேன். கலந்துரையாடல் வைத்தால் போய்விடும், விளக்கினால் போய்விடும் என்று நான் நம்பியதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். நாடகக் காட்சியை வெட்டிய அன்றும் எனக்கு இதே நம்பிக்கைதான் இருந்தது: கோபப்பட்டால் சொல்வாள், சொன்னால் சமாதானம் செய்துகொள்ளலாம்.

நல்ல ஆட்டம் எது என்று கேட்டால், என் இப்போதைய பதில் இது. உலகத்தைப் பற்றி ஒரு கருத்தை வைத்திருந்து, அதைப் பேசாமல், நம் கையை அந்தக் கருத்தின்படி அசைக்க வைப்பது. ‘தி குவையட் இயர்’ அதைச் செய்கிறது. அதன் வெள்ளைத் தாளோடு எனக்குச் சண்டை இருக்கிறது. அதன் சிவப்பு விதைகளோடு இல்லை. வாங்கி ஆடிப் பாருங்கள். விலை ஒரு நாவலைவிட அதிகமில்லை, சீட்டுக்கட்டும் விதையும் வீட்டிலேயே இருக்கும். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வீட்டில் கூட்டம் நடத்திப் பழகியவர் யாராவது இருந்தால், அவரைக் கட்டாயம் அழைத்து உட்கார வையுங்கள்.

அடுத்த மாதம் நாங்கள் மறுபடி ஆடப் போகிறோம். இந்த முறை விதிகளைத் தமிழில் சொல்லப்போவது அவள். ‘கண்டெம்ப்ட்’டுக்கு என்ன சொல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அன்றைக்குத் தெரியும் என்றாள்.